தங்கச்சியின் கிராமம், காது வழியாக

இங்கிலாந்தில் என் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட கிராமத்தை நான் கண்ணால் கண்டதில்லை. தொண்ணூறுகளில், இத்தாலியில், பலேர்மோவில், என் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்தபடி குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் கிடந்தது. அது கையில் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஆனாலும் அந்த ஊரைப்பற்றி நாங்கள் குடியிருந்த அல்பெர்கேரியாப் பகுதியில் என்னளவுக்கு அளந்தவன் கிடையாது. ஒரு தேவாலயம், வாத்து நீந்தும் ஒரு குளம், ஒரு மதுக்கடை, ஊருக்கே ஒரு பலசரக்குக் கடை. கடை மச்சானுடையது, வீடு அதற்குப் பின்னால். மிச்சமெல்லாம் புல்லும் ஆடும்.

கலியாணத்துக்கு முன் அவள் பலேர்மோவில் எங்களோடுதான் இருந்தாள். எங்கள் சந்தில் ஒருத்தி இருமினால், மேல் பல்கனியிலிருந்து கூடையில் மருந்து இறங்கும்.

ஒரு மத்தியானம், நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அந்த நேரத்தில் அங்கே ஈகூடச் சத்தமில்லாமல்தான் பறக்கும். டெலிபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"அண்ணை, எனக்கு நோ தொடங்கிட்டுது."

நிறைமாதம். மச்சான் சாமான் எடுக்க டவுனுக்குப் போயிருந்தார்.

"அம்புலன்சுக்கு அடிச்சனியே?" என்று கிசுகிசுத்தேன்.

"இல்லை. முதல் உங்களுக்குச் சொல்லுவமெண்டு."

எங்கள் குடும்பத்தில் எதுவானாலும் முதலில் மூத்தவனுக்குச் சொல்லவேண்டும். மூத்தவன் கடல் கடந்து, நிலம் துடைக்கிற தடியோடு நின்றாலும் சரி.

"விசரி, போனை வைச்சிட்டு அவைக்கு அடி!"

"என்ரை இங்கிலீசு அவைக்கு விளங்காது. பயமாக் கிடக்கு, வைக்காதேங்கோ."

அப்போது என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

"அப்ப இஞ்சத்தைய மாதிரி யன்னலைத் திறந்து கத்து. ஆரும் வருவினம்."

"இஞ்சை ஆரும் கத்திறேல்லை, அண்ணை."

"நீ கத்தடி!" என்று ரகசியக் குரலில் அதட்டினேன்.

ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். யன்னல் திறந்தது. "ஐயோ மாதாவே, ஆராவது வாங்கோ!" தமிழில்தான். பதிலுக்கு ஓர் ஆடு கத்தியது. பிறகு இன்னொன்று. நான் ஊரெல்லாம் வர்ணித்துத் திரிந்த கிராமம் முழுவதும் என் காதுக்குள் இருந்தது. அதில் மனிதர்தான் இல்லை.

சிஞ்ஞோரா எழும்பி வந்தார். போனைப் பிடித்துக்கொண்டு அழுத என்னிடம் விஷயத்தைக் கேட்டார். சிலுவை போட்டுக்கொண்டு தன் காதையும் ரிசீவரில் ஒட்டினார். தூரத்தில் ஒரு உழவு மெசின். அது கிட்ட வந்து நின்றது. கடைக் கதவின் மணி கிணுங்கியது. ஓர் ஆணின் குரல், தங்கச்சியின் அழுகை, பிறகு போனை நோக்கிக் காலடிகள்.

"ப்ரொந்தோ! ப்ரொந்தோ!" என்று இருவரும் இத்தாலியில் ஹலோ சொல்லிக் கத்தினோம்.

"சொறி" என்று இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டது அந்தக் குரல். வைத்துவிட்டது. அம்புலன்சுக்கு அடிக்கத்தான். அந்தப் புத்தி அவருக்காவது இருந்தது.

பின்னேரம் முழுக்கத் திருப்பித் திருப்பி அடித்தோம். சிஞ்ஞோரா கோப்பி போட்டு எனக்குத் தந்தார். அந்த வீட்டில் அது தலைகீழ் நடப்பு. ஆளில்லாத கடையில் டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பொழுதுபட மச்சானே எடுத்தார்.

"பொம்பிளைப் பிள்ளை, மச்சான். ரெண்டு பேரும் சுகம். உழவு மெசின்காரர் கேக்கிறார், நீங்கள் அவ்வளவு நேரமும் போனிலை என்ன செய்துகொண்டு நிண்டனீங்களாம்?"

நானும் யோசித்துப் பார்த்தேன்.

"ஆடு கத்தினது," என்றேன். "கேட்டுக்கொண்டு நிண்டனான்."