எனக்கு வந்த இரங்கல்கள்

நான் செத்துப்போன செய்தி எனக்குத் தெரிந்தபோது கையில் டீ இருந்தது. டம்ளரை மேசையில் வைப்பதாக நினைத்துக்கொண்டு வெறும் காற்றில் வைத்திருக்கிறேன். டீ முழுக்க மடியில். சூடு உறைக்கவே இல்லை, அப்படி ஓர் அதிர்ச்சி.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் விளங்காது. பகலில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அது சம்பளத்துக்கு. மற்ற நேரத்தில், விண்டோஸ் மாதிரி ஆனால் இலவசமான ஒரு லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பொதி பராமரிப்பாளன். இதற்குச் சம்பளம் கிடையாது. உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரு மென்பொருளை எழுதுகிறார். அதை அப்படியே தூக்கி உங்கள் கணினியில் போட்டால் ஏற்கெனவே உள்ளதோடு முட்டிக்கொள்ளும். அதை வாங்கிப் பிரித்துப் பார்த்து, ஓட்டையை அடைத்து, மற்றதோடு ஒத்துப்போகிற மாதிரி கட்டி, 'நம்பிப் போட்டுக்கொள்ளலாம்' என்று என் டிஜிட்டல் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும். அந்தக் கட்டுதான் பொதி. புதிய பதிப்பு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. என் பொறுப்பில் இருந்ததில் முக்கியமானது, பில் அடிக்கிற சின்னப் பிரிண்டர்களை ஓட்டுகிற பொதி. கந்தர்வக்கோட்டையில் உட்கார்ந்து நான் கட்டி அனுப்பியதை யார் யாரோ எந்தெந்த ஊர் மருந்துக்கடையிலோ போட்டு பில் அடிக்கிறார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்றுகூட நினைத்திருந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னதில்லை. என் மனைவி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணமான புதிதில் ஒருமுறை, "அப்படி என்னதான் தட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒனக்குப் புரியாது" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இந்தக் கூத்து பெரியப்பா செத்ததில் ஆரம்பித்தது. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, அதனால் நான்தான் கொள்ளி வைத்தேன். மொட்டை போட்டுக்கொண்டு கருமாதி முடியும்வரை அவர் ஊரிலேயே கிடந்தேன். முந்திரிக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர். கண்மாய்க் கரையில் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் எடுக்கும். நான் ஏறவில்லை. மடிக்கணினியையும் கொண்டுபோகவில்லை.

இதற்கிடையில் பங்காளிகள் சேர்ந்து கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவு பிளக்ஸில் செத்தவர் படம் மட்டும் இருக்காது. அழுகிறவர்கள் படமும் வரிசையாக இருக்கும். பெரியப்பாவிடம் இருந்ததோ ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே படம். பெரிதாக்கினால் உடைகிறது என்று பிளக்ஸ் கடைக்காரர் அதை மூலையில் நெல்லிக்காய் அளவுக்குப் போட்டுவிட்டார். என் படம் தெளிவாக இருந்ததாம். திருச்சியில் நடந்த ஒரு லினக்ஸ் கூட்டத்தில், எங்கள் இயங்குதளத்தின் சின்னம் போட்ட டீ-சர்ட்டோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். கொள்ளி வைத்தவன் ஆயிற்றே என்று அதை ஆள் உயரத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டார். மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி', பக்கத்தில் எரிகிற விளக்கு. ஒரு மச்சான் அதைப் போட்டோ எடுத்து முகநூலில் போட்டு, என் பெயரையும் கோத்துவிட்டான். கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடு, கண்ணீர், ஆழ்ந்த இரங்கல்.

அதே சமயத்தில்தான் என் பிரிண்டர் பொதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உடனே திருத்தி வெளியிட வேண்டும். ஆளைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். தேடியவர் பாலக்காட்டுக்காரர், என்னோடு சேர்ந்து பல பொதிகளைப் பார்ப்பவர். வருஷக்கணக்காக மெயிலில் பழக்கம், சண்டையும் உண்டு. நேரில் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. என் முகநூல் பக்கத்துக்குப் போனவருக்கு அந்தப் பிளக்ஸ் கண்ணில் பட்டிருக்கிறது. நடுவில் நான். மேலே இருக்கிற எழுத்தைக் கணினி மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டது. மனுஷனுக்கு நம்ப மனசில்லாமல் என் எண்ணுக்கே கூப்பிட்டிருக்கிறார்.

போனை எடுத்தது என் சித்தப்பா. கருமாதிச் சமையல்காரரிடம் பேச என் போனை வாங்கிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றிருந்தவர், "இது சாவு வீடுங்க. எல்லாம் முடிஞ்சு போச்சு. பெறகு பேசுங்க" என்று வைத்துவிட்டார்.

ஊர் திரும்பி, மடிக்கணினியைத் திறந்தால் என் கணக்கு உள்ளேயே விடவில்லை. என்ன இது என்று எங்கள் இயங்குதளக்காரர்கள் எல்லாரும் மெயில் எழுதிக்கொள்ளும் பொது மடற்குழுவைப் பார்த்தேன். அங்கேதான் நான் செத்திருந்தேன். என் பெயரைத் தலைப்பில் போட்டு, கீழே இறங்க இறங்க இரங்கல் மடல்கள். அடுத்த வெளியீட்டை என் நினைவுக்குப் படைக்கப் போவதாக ஓர் அறிவிப்பு. என் பிரிண்டர் பொதியில் பராமரிப்பாளர் பெயர் இருந்த இடத்தில் பாலக்காட்டுக்காரர் பெயர். டீ மடியில் கொட்டியது அப்போதுதான். மொட்டைத் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று உடனே எழுதி, என் கையொப்பத்தைப் போட்டு அனுப்பினேன். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். அங்கேதான் இரண்டாவது அடி. செத்தவரின் கையொப்பத்தை ரத்து செய்வது எங்கள் வழக்கம். அவர் கணினி யார் கையிலாவது சிக்கினால், அவர் பெயரில் விஷத்தைக் கட்டி உலகத்துக்கே அனுப்பிவிடலாம் இல்லையா? நியாயமான விதி, நானே கையைத் தூக்கி ஆதரித்தது. இப்போது நான் அனுப்ப அனுப்ப, செத்தவன் கணினியை எவனோ திருடிவிட்டான் என்று அவர்களுக்கு உறுதியானது. வீடியோவில் வருகிறேன் என்றேன். 'இப்போது எந்த முகத்தையும் யாரும் செய்துவிடலாம்' என்று பதில் வந்தது. நான் கொதித்துப்போய் எழுதிய நாலாவது மடலுக்கு, 'ஒரு நல்ல மனிதனின் சாவை வைத்து விளையாடுகிறாயே, வெட்கமாக இல்லையா?' என்று பாலக்காட்டுக்காரர் எழுதியிருந்தார். எனக்காக என்னையே திட்டுகிறார். கோபப்படவும் முடியவில்லை. இத்தனை வருஷ வேலையும் பெயரும் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது, நான் நான்தான் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பிறகு மடற்குழுவில் அவருடைய இன்னொரு மடல். என் மனைவிக்கு ஆறுதல் சொல்லவும், என் கணினி தவறான கையில் இருப்பதாக எச்சரிக்கவும் ஞாயிற்றுக்கிழமை நேரில் போவதாக.

மனைவியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. "ஞாயித்துக்கிழமை ஒருத்தர் துக்கம் விசாரிக்க வாராரு" என்றேன்.

"பெரியப்பாவுக்கா? கருமாதிதான் முடிஞ்சிருச்சே."

"பெரியப்பாவுக்கு இல்ல. எனக்கு."

அவள் கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொதி என்றால் என்ன என்பதிலிருந்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

ஞாயிறு காலையில் பால் வாங்கிவிட்டு வந்து வாசலில் நிற்கிறேன், தோளில் பையோடு ஒரு மனிதர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும், இன்னும் அங்கேயே நின்ற அந்தப் பிளக்ஸைப் பார்த்து அழுதிருக்கிறார். டீக்கடையில், "இந்தப் படத்துல இருக்கிறவர் வீடு எங்கே?" என்று கேட்டாராம். "இப்பத்தான பால் வாங்கிட்டுப் போறாரு" என்றிருக்கிறார் டீக்கடைக்காரர். என்ன ஊர் இது, சாவோடு இப்படியா விளையாடுவார்கள் என்று நொந்துகொண்டே வந்திருக்கிறார்.

மொட்டைத் தலையோடு நின்ற என்னைப் பார்த்து, "அவரோட தம்பியா?" என்றார்.

"நான்தாங்க அவரு."

அவர் முகம் வெளுத்தது. ஒரு அடி பின்னால் போய், சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று சந்தேகம் வந்துவிட்டது. வாசலிலேயே நின்றபடி, "பில்லோட கடைசி வரி அச்சாகாத பிரச்சினை, அது எதனாலே வந்தது?" என்று கேட்டார்.

எனக்கு அந்தப் பிரச்சினையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். "எதனால வந்ததா? சோதிச்சுப் பாக்காம நீங்க அனுப்புன திருத்தத்தாலதான் வந்துச்சு! அவசரப்படாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா நீங்க?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

அவர் பையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதே ஆள்தான், இதே ஆள்தான்" என்று அழுகிறார், சிரிக்கிறார். உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் குழுவுக்கு எழுதினார்: 'உயிரோடு இருக்கிறார். கோபமும் அப்படியே இருக்கிறது.' என் அடையாள அட்டைகளைப் பார்த்து, புதிய கையொப்பத்துக்கு அவரே சாட்சி போட்டார். பொதியைத் திருப்பித் தருகிறேன் என்றார்.

இத்தோடு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். பாலக்காட்டுக்காரர் விடவில்லை. "இத்தனை பேர் இவரைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு நீங்க கேட்கணும்" என்று என் மனைவியை உட்காரவைத்து, இரங்கல் மடல்களை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

எங்கோ மலையூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டது போலவே பதில் சொன்னார், அவர் மாதிரிப் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை என்று. ஒரு வயசான ஓட்டல்காரர், தனக்குப் புரியவில்லை என்று வெட்கப்பட்டதாகவும், 'புரியாதது உங்கள் தப்பில்லை, நான் சொன்ன விதம் சரியில்லை' என்று நான் பதில் எழுதியதாகவும் எழுதியிருந்தார். அப்புறம் ஏறக்குறைய எல்லாரும் சொன்ன ஒரு விஷயம். மடலின் கடைசியில் நான் எப்போதும் 'சாப்பிட்டீர்களா?' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவேனாம். பழக்கத்தில் கை எழுதியது, நான் கவனித்ததுகூட இல்லை. முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு அந்த வரிக்காகவே காத்திருக்க ஆரம்பித்தோம் என்று எழுதியிருந்தார்கள்.

என் மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கேட்டாள். முடிந்ததும், "இது எல்லாமே இவரப் பத்தித்தானா?" என்றாள்.

"இவரைப் பத்தித்தான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் யாரோ ஒரு ஆளைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையைத் தாங்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றை நெருங்கியிருந்தது. காலையிலிருந்து அவள் எங்களுக்கு டீ போட்டு, பலகாரம் எடுத்துவைத்து, சமைத்துக்கொண்டே இருந்தாள். ஒருவாய் எதுவும் வாயில் வைத்து நான் பார்க்கவில்லை.

"நீ சாப்பிட்டியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து இலையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இதக் கேக்க நீங்க ஒரு தடவ செத்துப் பொழைக்க வேண்டியிருக்கு."