ஆமாவும் இல்லையும் இடம் மாறிய நாட்கள்

முதலில் போனது உப்பு. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. உதவியாளர் சாந்தாவிடம் உப்பு கேட்க வாய் திறந்தேன். "கதவு எடு" என்றேன். அவள் சிரித்தாள். திரும்பக் கேட்டேன். திரும்பவும் கதவுதான் வந்தது. கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"என்னக்கா, வாய் ஒரு பக்கமா போவுது?" என்றாள். அவள் தாமதிக்காமல் ஆட்டோ பிடித்ததால் இன்று இதை எழுதுகிறேன். நாளுக்கு நாலு வரி வீதம் எழுதுகிறேன், பிழைகளை என் மகன் திருத்துகிறான்.

தருமபுரியில் ஸ்கேன் எடுத்துப் பக்கவாதம் என்றார்கள் (மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவது). வலக்கை இரண்டு வாரத்தில் ஓரளவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. அதற்கு அஃபேசியா என்று பெயராம் (அறிவு அப்படியே இருக்கும், அதைச் சொல்லாக்கும் வழி அறுந்திருக்கும்). பெயர் கேட்ட மருத்துவரிடம் "திங்கள்" என்றேன். அருகில் நின்றவரைக் காட்டி, "இவர் உங்க வீட்டுக்காரரா?" என்றார். "இல்ல" என்றேன். இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் வந்திருந்தால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளி சொல்லும் "ஆமா" சில நேரம் "இல்லை"யாக இருக்கும். தலையாட்டுவதும் மாறிப்போகும். மனதில் சரியாகத்தான் இருக்கும். வாய்க்கு வருவதற்குள் இடம் மாறிவிடும்.

பொம்மிடி பக்கத்து எங்கள் ஊரில் எல்லோரும் "மேரிக்குப் பேச்சு போயிடுச்சு" என்றார்கள். எந்தப் பேச்சு என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பேச்சு கொடுப்பது, பேச்சு வாங்குவது, பேசி முடிப்பது, பேச்சு மாறுவது என்று அந்த ஒரு சொல்லில் எத்தனை காரியம் இருக்கிறது. என்னிடம் சில இருந்தன, சில இல்லை. தக்காளிப் பெட்டி காலில் விழுந்த அன்று ஒரு கெட்ட வார்த்தை முழுசாக வந்தது. என் வாழ்நாளில் நான் அதைச் சொன்னதே இல்லை.

இருபதாம் நாள் மாலை வீட்டில் ஜெபமாலை தொடங்கினார்கள். நானும் தொடங்கினேன். ஐம்பத்து மூன்று மணியும் ஒரு சொல் தட்டாமல் வந்தது. என் வீட்டுக்காரர் அழுதார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் போய்ச் சொன்னார். மறுநாள் காலை, "தோசையா, இட்லியா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

"சாமிகிட்ட பேசுற வாய்க்கு என்கிட்ட பேச நோவுதா?" என்றார்.

வீம்பு என்றே நினைத்துவிட்டார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதையும் சொல்ல முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் அவருக்குப் புரியவைத்தார். "ஜெபம், திட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணுறது எல்லாம் பழகின தடத்துல தானா வந்துடும், ஐயா. புதுசா ஒரு பதில் சொல்றது வேற வேலை. அம்மா வேணும்னு பண்ணல."

அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் லூர்து ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். "இனி அடுப்புகிட்ட நிக்க வேணாம்மா. வேலைய வுட்டுடலாம். சரிங்களா?" என்றான். "சரி" என்றது என் வாய். பாசத்தில் கேட்டான், குற்றம் சொல்லமாட்டேன். அவன் எழுதிக் கொண்டுவந்த ராஜினாமாக் கடிதத்தைத் தள்ளிவிட்டேன். கை வலிக்கிறது என்று நினைத்து, "ஆபீஸ்லயே கையெழுத்து போட்டுக்கலாம்" என்றான்.

ஆபீஸுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. பதினெட்டு வருடம் சமைத்த கூடம் அது. அதை இந்த வாய் கொடுத்துவிட நான் விடமாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

ஜெபமாலை மணிகளைத் தொட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தேன். மணியைத் தொட்டால் ஜெபம்தான் வந்தது. மாதா மன்னிக்கட்டும் என்று ஜெபமாலையை ஆணியில் மாட்டினேன். பிறகு ஒரு மதியம் அவருக்குச் சோறு போடக் கரண்டியை எடுத்தேன். "தட்டை நீட்டு" என்று வந்தது. பள்ளியில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னது. அவர் திகைத்துப்போய்த் தட்டை நீட்டினார்.

அது என் தடம். பயிற்சியாளர் அதைப் பிடித்துக்கொண்டார். கரண்டியால் ஒரு தட்டு, ஒரு சொல். பத்துக்கு நாலு முறை வந்தது. லூர்து முன்னால் ஒருமுறையும் வரவில்லை. பதற்றம் வந்தால் சொல் ஓடிவிடுகிறது.

ஒன்றிய அலுவலகத்துக்குக் கரண்டியைத் துணிப்பையில் வைத்து எடுத்துப்போனேன். அந்த அதிகாரி நல்ல அம்மா. கடிதத்தை உடனே வாங்கவில்லை. "நீங்களா விருப்பப்பட்டுத்தான் வுடுறீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

லூர்து பேனாவை நீட்டினான். நான் கரண்டியை எடுத்து மேசையில் தட்டினேன். அறையில் எல்லோரும் திரும்பினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினேன்.

"வேலை." தட்டு. "எனக்கு." தட்டு. வியர்த்துக் கொட்டியது. "வேணும்."

"இப்பதானே ஆமான்னீங்க?" என்றார் அதிகாரி.

"அது." தட்டு. "பொய்."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "அவ வாய் மாத்திச் சொல்லிடும்ங்க மேடம். கரண்டி கையில இருந்தா சொல்றதுதான் நெசம்."

லூர்து கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பேருந்தில் என் தோளில் தலை சாய்த்து, "ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும்மா" என்றான்.

இப்போது ஆறு மாதமாகச் சமைக்கிறேன். அளவை சாந்தா ஒருமுறை சரிபார்க்கிறாள். வலக்கை மாலையில் மரத்துப்போகிறது. பழைய உடம்பு திரும்பி வராது என்று தெரியும். ஒரு சொல்லை நினைப்பதற்கும் அது வாய்க்கு வருவதற்கும் நடுவே முன்பெல்லாம் நேரம் இருந்ததே தெரியாது. இப்போது தெரிகிறது. அவசரப்பட்டால் அங்கே விழுந்துவிடுவேன்.

இன்று காலை, "டீ வேணுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "இல்ல" என்றேன். அவர் போகவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சரியான சொல்லுக்கு வந்து சேரும்வரை அங்கேயே நின்றார்.