மிசின் சத்தத்துக்கு அடியில் அம்மா

இந்த நாட்டில் யாராவது கால் தடுக்கி விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் "பொலே" என்று சொல்வார். மன்னியுங்கள், வருந்துகிறேன் என்று அர்த்தம். தள்ளிவிட்டவர் சொல்வதில்லை, சும்மா நின்றவர் சொல்வது. நான் கென்யாவுக்கு வந்த முதல் வாரத்தில், மில்லில் நிட்டிங் மிசினின் கதவு என் விரலை நசுக்கிவிட்டது. பத்தடி தள்ளி நூல் கோன் மாட்டிக்கொண்டிருந்த க்ரேஸ் என்ற பெண் ஓடிவந்து "பொலே, பொலே" என்றாள். "நோ, நோ, நாட் யூ, மை மிஸ்டேக்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் மறுபடியும், இன்னும் அழுத்தி, "பொலே சானா" என்றாள். செய்யாத தப்பை எதற்குத் தலையில் போட்டுக்கொள்கிறாள், வேலை போய்விடப் போகிறதே என்று பயந்து, சூப்பர்வைசரிடம் போய் அந்தப் பெண்மேல் குற்றமில்லை என்று சாட்சி சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நம்மூரில் இதற்கு ஒரு சொல் இல்லை. "பாத்து வரக் கூடாதா" என்று அடிபட்டவனைத்தான் வைவோம். அதுதான் நம் பாசம்.

சிந்து, பிரவீன், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போலத் திருப்பூரை விட்டு வந்து வேறு நாட்டில் பனியன் மிசின் ஓட்டுகிறவர்கள் படித்தாலும் சரி, ஊரில் இருப்பவர்கள் படித்தாலும் சரி. நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் சிந்து திருத்திக்கொள். போன லீவில் பழைய வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவுக்கு மாற்றப் போய் நடந்ததைப் பற்றி நாம் மூன்று பேரும் அதற்கப்புறம் பேசவேயில்லை. போனில் சோறு சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்று பேச வருகிறது. இது வரவில்லை.

உங்கள் அம்மா சரசு போனபோது சிந்துவுக்கு ஐந்து வயது, பிரவீனுக்கு ஒன்றரை. பத்து நாள் காய்ச்சல்தான். அப்போது நம்மிடம் இருந்தது பட்டன் போன். அதில் படமும் எடுக்க முடியாது, குரலையும் பிடித்து வைக்க முடியாது. சுவரில் மாட்டிய போட்டோவும் பீரோ மேல்தட்டில் ஒரு மஞ்சப்பைக்குள் மூன்று கேசட்டும்தான் மிச்சம். பிரவீனுக்கு ஆறு வயதாகும்போது நான் இங்கே வந்தேன். இரண்டு வருசம் என்று சொல்லிவிட்டு வந்தது பதினான்கு வருசமாகிவிட்டது. நீங்கள் சேவூரில் உங்கள் மாமாவிடமும் அத்தையிடமும் வளர்ந்தீர்கள்.

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பிரவீன் கேட்டான். "ஏப்பா, அம்மா கொரல் எப்படிப்பா இருக்கும்? சன்னமா, கனமா?"

 நூலாக இருந்தால் கையில் உருட்டிப் பார்த்தே சன்னமா கனமா, என்ன கவுண்ட் என்று சொல்லிவிடுவேன். இதற்கு என்ன சொல்வது. "கேசட்ல இருக்குது கண்ணு. லீவுக்கு வந்து மாத்திக் குடுத்தர்றேன், நீயே கேட்டுக்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவன் மறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

லீவில் வந்து தேடினால், கேசட் போடும் டெக் யாரிடமும் இல்லை. அலைந்து அலைந்து, கடைசியில் என் கல்யாணத்தை எடுத்த நடராஜண்ணனின் ஸ்டுடியோவிலேயே ஒன்று ஓடுகிறது என்று தெரிந்தது. ஒரு காலத்தில் முகூர்த்த நாளில் அவரைப் பிடிக்கவே முடியாது. இப்போது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஆதார் நகலும்தான். நான் போனபோது, வடக்கே இருந்து வந்த ஒரு கம்பெனி ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, "பையா, சீதா தேக்கோ" என்று தாடையைப் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தார்.

"அட, மாஸ்டருங்களா. ஆப்பிரிக்காவுல சிங்கத்துக்குப் பனியன் தெக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"சிங்கத்துகிட்ட இருந்து இன்னும் ஆர்டர் வரலீங்கண்ணா" என்றேன்.

கேசட்டின் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. "ஊறுகா ஜாடி மாதிரி பூத்துருக்குதுங்" என்று சொல்லிவிட்டு, ஒரு துணியில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு, அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி கண்ணெடுக்காமல் துடைத்தார். ஒரு மணி நேரக் கேசட் மாற ஒரு மணி நேரம் ஓடியாக வேண்டுமாம். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் கல்யாணக் கேசட். கோடு கோடாக ஓடிப் படம் வந்தது. சேவூர் மண்டபம். என் அக்கா, மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீருக்குக் கூடையோடு நிற்கிறாள். சரசு மணையில் உட்கார்ந்து, குனிந்தபடியே பக்கத்தில் இருந்த தங்கையிடம் ஏதோ சொல்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். என்ன சொன்னாள் என்று முன்னால் சாய்ந்தேன். சினிமாப் பாட்டு ஓடுகிறது. தாலி கட்டும்போது பாட்டு. பந்தியில் பாட்டு. அடுத்தது சிந்துவின் காது குத்துக் கேசட். சரசு உன்னை மடியில் வைத்துக்கொண்டு, கேமராவுக்கு ஒரு முழ தூரத்தில், வாய் மூடாமல் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு அவள் உதடு அசைகிறது. அதன்மேல் தாய்ப்பாசத்தைப் பற்றி ஒரு ஆம்பளை பாடுகிறான்.

"அண்ணா, பாட்டை எடுத்துட்டுப் பேச்சை மட்டும் வெக்க முடியுங்களா?"

"பேச்சு அதுல இல்லீங்க மாஸ்டர். பேச்சை எடுத்துப்போட்டுத்தான் பாட்டைப் போடறது. மிக்ஸிங்குன்னா அதானுங்க."

"மொதல்ல எடுத்த கேசட்டு?"

"அதுமேல அடுத்த முகூர்த்தத்தை எடுத்துருப்போமுங்க. ஒரு கேசட்டுல பத்துக் கல்யாணம் பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்கதானுங் மாஸ்டர் வந்து சண்டை போட்டீங்க. பந்தியில ஒறம்பரைச் சனம் பேசற சத்தமெல்லாம் கேக்குது, அங்கயும் பாட்டைப் போடுங்கன்னு."

உண்மைதான். நான்தான் சண்டை போட்டேன். அப்போதெல்லாம் வீடியோவில் பேச்சுச் சத்தம் கேட்டால், மிக்ஸிங் செய்ய வசதியில்லாத வீடு என்று நினைப்பார்கள். முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை பாட்டு ஓட வேண்டும். இங்கே க்ரேஸ் ஒருநாள் தன் தங்கையின் கல்யாண வீடியோவைப் போனில் காட்டினாள். மூன்று மணி நேரமும் பேச்சு, மைக்கை வாங்கி வாங்கிப் பேச்சு. பாட்டு எங்கே என்று கேட்டேன். அந்தக் கல்யாணத்தில் பாடியதெல்லாம் இருக்கிறதே, வேறு எங்கிருந்து பாட்டு வரும் என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இவர்கள் ஊரில் மிக்ஸிங் தெரியாது என்று நினைத்தேன்.

மூன்றாவது கேசட் சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது வீட்டு விசேசத்தில் எடுத்ததில்லை. நான் வேலை பார்த்த கம்பெனியில் புது நிட்டிங் மிசின் ஒன்று வித்தியாசமாகச் சத்தம் போட்டது. துணியில் நெடுகக் கோடு விழுந்தது. மிசின் விற்ற வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப, அந்தச் சத்தத்தோடு படம் எடுக்கச் சொல்லி முதலாளி தன் கேமராவை என்னிடம் கொடுத்தார். இரண்டு தடவை எடுத்து ஒன்றை அனுப்பினோம்; இது மிஞ்சியது. சரசு அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். நான் எடுத்துக்கொண்டிருக்கும்போது வீட்டுச் சாவி கேட்டு நிட்டிங் ஹாலுக்குள் வந்தாள்.

நடராஜண்ணன் அந்தச் சைஸ் கேமரா ஒன்றை எங்கோ போய் இரவல் வாங்கிவந்து ஓட்டினார். பதினொரு நிமிடம் வரைக்கும் மிசின். பிறகு கேமரா சடாரென்று திரும்புகிறது. பச்சைச் சேலை, ஒரு தோள், காதோரம் ஒட்டிய பஞ்சு. இரண்டு நொடிகூட இருக்காது. மறுபடி மிசின். அந்த மிசின் சத்தத்துக்கு அடியில் அவள் பேசுகிறாள்.

எனக்குக் கேட்டது. "ஏனுங், சாவிய எங்க வெச்சீங்க? பெரிய புள்ளைக்கு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டுருவாங்க." பிறகு, "என்னைய எதுக்குப் புடிக்கறீங்க, மிசினைப் புடிங்க." அவள் சொன்னதும் நான் கேமராவை மிசின் பக்கம் திருப்பிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டவன் இல்லை நான். அன்றைக்கு மட்டும் கேட்டுத் தொலைத்தேன்.

மிசின் சத்தத்தை மட்டும் எடுக்கும் சாப்ட்வேர் இருப்பதாகச் சொல்லி நடராஜண்ணன் இரண்டு நாள் முயற்சி செய்தார். மூன்றாம் நாள் போட்டுக் காட்டினார். கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி அமைதி. மிசினும் இல்லை, அவளும் இல்லை. "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்குதுங் மாஸ்டர். ஒண்ணை உருவுனா இன்னொண்ணும் வந்துருது" என்றார். நான்கைந்து விதமாக மாற்றிப் பார்த்தும் அதேதான். பழையபடியே பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிந்து குடியிருக்கும் வீட்டில் டிவியில் போட்டோம். கல்யாண வீடியோவில், தாமரைப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து அம்மாவின் முகம் வந்தபோது சிந்து சிரித்தாள். பிரவீன் சிரிக்கவில்லை. "பூவுக்குள்ள இருந்து மூஞ்சி வர்றதுக்கெல்லாம் நேரம் இருந்துருக்குது. ஒரு வார்த்தை பேச உடறதுக்குத்தான் நேரமில்ல" என்றான். சொன்னது நடராஜண்ணனையா என்னையா என்று நான் கேட்கவில்லை.

பிறகு சின்னக் கேசட். பிரவீன் சத்தத்தை முழுசாக வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, டிவிக்குப் பக்கத்தில் காதை வைத்தான்.

"டர்ருன்னு மிசின்தான்ப்பா கேக்குது."

"நல்லாக் கேளு கண்ணு. இப்ப, இந்த எடத்துல. 'ஏனுங், சாவிய எங்க வெச்சீங்க'ங்கறா."

ஏழெட்டுத் தடவை திருப்பித் திருப்பிப் போட்டான். ஒவ்வொரு தடவையும் நானும் கூடவே சொன்னேன். கடைசியில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"நீங்க சொல்றீங்கள்ல, அது உங்க கொரல்லதான்ப்பா எனக்குக் கேக்குது."

சிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனவள் நிலைப்படியிலேயே நின்றாள். "எனக்கும் ஞாபகம் இல்லப்பா. அம்மா கொரல் எனக்குத் தெரியும்னு இவங்கிட்டப் பெருமையாச் சொல்லிட்டே இருந்தேன். இப்ப நெனச்சா அத்தை கொரல்தான் வருது" என்றாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து உங்கள் இரண்டு பேர் தோளிலும் கை வைத்திருக்கலாம். டிவியின் வயரைச் சுற்றி ஒழுங்காக வைத்தேன்.

விமானத்தில் வரும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருசத்துக்கு முன்னால் அவள் சொன்னது எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதைத்தான் அந்தச் சத்தத்தின்மேல் நானே ஓட்டிக்கொள்கிறேனோ? பாட்டைப் போட்ட மாதிரி இதையும் நானே மிக்ஸிங் செய்கிறேனோ? இங்கே வந்து ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக் கேட்டேன். எனக்கும் வெறும் மிசின்தான் கேட்டது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹாலில் பாதி மிசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ஓரமாக நின்று காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். மறுபடி அவள் பேச்சு கேட்டது. எனக்கு நம்பிக்கையில்லை. க்ரேஸ் சாயா டம்ளரோடு வந்தாள். பதினைந்து வருசத்துக்கும் மேலாக மிசின் பக்கத்திலேயே நிற்பவள். ஒரு ஊசி உடைந்தாலும் துணியைப் பார்க்காமல் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. எதுவும் சொல்லாமல் ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். முதலில், எந்த மிசினில் கோளாறு என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, "சிங்கர் சரியில்லை" என்றாள். ஊசிகளுக்கு நடுவில் நூலைப் பிடித்துக் கொடுக்கும் தகடு அது. இருபது வருசத்துக்கு முந்தைய கோளாறை அவள் சரியாகத்தான் சொன்னாள். பிறகு கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

"வுமன்" என்றாள். "ஒன் வுமன் டாக்கிங்." கொஞ்சம் கழித்து அவள் முகம் மலர்ந்தது. "நவ் லாஃபிங்."

சிரிக்கிறாளா?  "மிசினைப் புடிங்க" என்பதற்கு அப்புறம் அவள் சிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை. கோபித்துக்கொண்டு போனாள் என்றுதான் இத்தனை வருசமாக வைத்திருக்கிறேன். ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். பேச்சு கேட்கிறது. சிரிப்பு கேட்கவில்லை. திரும்பவும் கேட்டேன். கேட்கவில்லை. க்ரேஸ் மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, இதோ, இதோ என்று விரலால் காற்றில் தட்டிக் காட்டினாள். யார் இது என்று கேட்டாள். என் மனைவி, செத்துப் போய்ப் பத்தொன்பது வருசமாகிறது என்றேன்.

"பொலே" என்றாள். உன் தப்பில்லை என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை.

பிரவீன், நான் வாக்குக் கொடுத்ததை என்னால் செய்ய முடியவில்லை. குரல் சன்னமா கனமா என்பதற்கு இப்போதும் என்னிடம் பதிலில்லை. ஆனால் அது அதில் இருக்கிறது. நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அம்மாவைத் தெரியாத ஒருத்தி கேட்டுவிட்டாள். பதினோராவது நிமிடம் தாண்டி நாலாவது நொடியில் பேச்சு. அம்மா சொன்ன வார்த்தைகளை மேலே எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு சிரிப்பு இருக்கிறதாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்காதே. ஏதாவது நிட்டிங் கம்பெனியில் கேட்டு, மிசின் பக்கத்தில் நின்று காது பழகிய பிறகு கேட்டுப் பார். கேட்டால் எனக்குச் சொல்.

அம்மாவைத் தெரிந்தவர்கள் எல்லாம் அங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குக் கேட்கவில்லை. கேட்கிறவள் இங்கே இருக்கிறாள். அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்ததும் மிச்ச மிசின்களும் ஓட ஆரம்பித்தன. க்ரேஸ் காலி டம்ளரை வைத்துவிட்டுத் தன் மிசினுக்குப் போனாள். நான் ஹெட்போனைக் கழற்றாமல், பதிவில் அவள் விரலால் தட்டிக் காட்டிய அந்த இடத்துக்கு மறுபடியும் மறுபடியும் போய் நின்றுகொண்டிருந்தேன்.