கதிர்காமநாதன் கட்டிய கட்டணம்

பட்டர்வொர்த் ரயில்வே அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த கதிர்காமநாதனுக்குப் பதினெட்டு வயதிலேயே பல்கலைக்கழக ஆசை பொய்த்துப் போனது. அப்பா திடீரென்று கண்ணை மூட, குடும்பம் அவர் தலையில் விழுந்தது. அதனாலோ என்னவோ, மகள் அருந்ததிக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்தபோது மனுஷன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. 1981ஆம் வருஷம். அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் கண்டபடி ஏறியிருந்தது. காரை விற்றார். மனைவி யோகலட்சுமி வளையல்களைக் கழற்றித் தந்தார்.

"என்னண்ணே, காடி எங்க? நடந்து வர்றீங்க?" என்று வேலைக்குப் போகும் ஃபெரிப் படகில் சீண்டினார், உடன் வேலை செய்யும் தங்கராஜு.

"காடி இங்கிலாந்துக்குப் படிக்கப் போயிருக்கு லா!"

முதல் ஆண்டுப் பணத்தை அருந்ததியே கையோடு கொண்டுபோய்க் கட்டினாள். இரண்டாம் ஆண்டுப் பணத்தை அவர் டிராஃப்ட்டாக எடுத்து, 'என் மகள் அருந்ததியின் கட்டணம்' என்று கடிதம் வைத்து பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து மகளிடமிருந்து தந்தி வந்தது: பணம் வரவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். இன்னொரு தடவை கட்ட, விற்பதற்கு வீட்டில் என்ன இருக்கிறது?

பேங்குக்கு ஓடினார். டெலக்ஸ் அடித்து விசாரித்த பேங்கு அதிகாரி ஹபீப் முகம்மது, "பணம் அங்க சேந்துருச்சு அண்ணே" என்றார்.

பிறகு எங்கே போயிற்று? மகளுக்கு இடம் கொடுத்து வந்த பல்கலைக்கழகக் கடிதத்தைப் பையிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்தார். 'மிஸ் கதிர்காமநாதன்' என்றிருந்தது. அடக் கடவுளே! நமக்கு அப்பா பெயர் வெறும் முதலெழுத்து, வெள்ளைக்காரனுக்கோ அதுதான் குடும்பப் பெயர். அவன் பதிவேட்டில் அருந்ததி என்று தேடினால் எந்தக் காலத்தில் கிடைப்பாள்?

உடனே பல்கலைக்கழகத்துக்குத் தந்தி கொடுத்தார்: 'அருந்ததியும் கதிர்காமநாதனும் ஒரே மாணவி. பணம் அவளுடையது.' வெள்ளிக்கிழமை மாலை மகளிடமிருந்து தந்தி வந்தது: 'பணம் கிடைத்துவிட்டது.' அப்பாடா! வாசலில் நின்றபடியே அழுதுவிட்டார்.

அருந்ததி பட்டம் வாங்கிய விழாவுக்கு அவரால் போக முடியவில்லை. டிக்கெட் வாங்கக் காசில்லை. பத்து நாளில் அவள் கடிதம் வந்தது. மறுநாள் காலை ஃபெரியில் அதைத் தங்கராஜுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"அப்பா, மேடையில உங்க பேரத்தான் கூப்பிட்டாங்க. நான் போய் வாங்கிக்கிட்டேன்."

கதிர்காமநாதன் கடிதத்தை மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

"தங்கராஜு, நானும் பாஸாயிட்டேன் லா!"