நான் பெய்ய வைத்த மழை

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, தங்கச்சி விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஒன்றும் சோடை போகவில்லை. ஆனால் ஏழாவதாக ஒரு பிள்ளையை வளர்த்தேன் பாருங்கள், அதுதான் என்னை ஓட ஓட விரட்டியது. அது என் வீட்டுக்காரர்.

தோட்டத்தில் மண்டோராக ஆட்களை வேலை வாங்கியவர். முதலில் பால்மரம், அதுதான் ரப்பர்; தோட்டம் மாறியதும் எண்ணெய்க்குப் போடுகிற செம்பனை. தோட்டத்து லயத்து வீட்டை விட்டு கோலா சிலாங்கூரில் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு மறதி நோய் கண்டது. விடிந்ததும் காலணியை மாட்டிக்கொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். பெரட்டு என்றால், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. போகட்டும் என்று விட்டுவிடுவேன். சந்தைப் பக்கம் சுற்றினால் மீன் விற்கிறவர்கள் யாராவது கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

கொரோனா வந்ததும் அதற்கு வழியில்லை. ரோட்டில் போலீஸ் தடுப்பு. பிள்ளைகள் கிள்ளானில் மாட்டிக்கொண்டார்கள். நோய் பிடித்தால் மருத்துவமனைக்குத் தனியாகத்தான் கொண்டுபோவார்கள், துணைக்கு ஆள் போக முடியாது என்றார்கள். என் கையைத் தவிர வேறு கையில் சோறு வாங்காத மனிதர். அங்கே யார் ஊட்டுவது? அவரை வாசல் தாண்ட விடக்கூடாது என்று முடிவு கட்டினேன்.

கேட்டைப் பூட்டினேன். பூட்டை ஆட்டி ஆட்டித் தெருவையே எழுப்பினார். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது, தோட்டமே படுத்துத் தூங்கும். பின்பக்கம் போய் ரப்பர் குழாயால் தகரக் கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சினேன். சடசடவென்று ஒரே சத்தம்.

"அடடா, மழை புடிச்சிக்கிச்சே!" காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னக்கா, வானம் பளிச்சுனு கெடக்கு, உங்க வீட்டுக்கு மட்டும் மழையா லா?"

"புண்ணியம் செஞ்ச வீடுடி!"

இப்படியே ஓடியது. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே பெருமை. ஒரு நாள் மழையை நிறுத்திவிட்டு முன்னால் வந்தால், மனிதர் என் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போகிறார். குப்பை வைக்கத் திறந்த கேட்டை நான் பூட்டவே இல்லை.

"மழையில எங்க கெளம்பிட்டீங்க?"

"செம்பனைக்கு மழை என்னடி மழை? பழக்குலை தானா லோரில ஏறிக்குமா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. மழைக்கு நிற்பது பால்வெட்டுதான், செம்பனை வேலை நிற்காது. மனிதருக்கு அன்றைக்குச் செம்பனைக் காலம்! இழுத்துப் பிடிக்க எனக்குத் தெம்பு ஏது? ஓடிப்போய் அவருக்கு முன்னால் விறைப்பாக நின்றேன்.

"மண்டோரே! பெரட்டு எடுக்காம எங்க போறீங்க? ஆளு நிக்கிறோம்ல?"

நின்றுவிட்டார். பெரட்டு எடுக்காமல் வேலைக்காட்டுக்குப் போகிற மண்டோர் உண்டா? என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புது ஆளா?"

"ஆமாங்க."

"அப்ப தள்ளி நில்லு. என் சம்சாரம் பொல்லாதவ. பார்த்துச்சின்னா ரெண்டு பேரையும் தொலைச்சுப்புடும்."

தள்ளி நில்லுங்கள் என்று டிவியிலும் தினமும்தான் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது இவர் சொன்ன காரணம்தான்.

"அவ்வளவு பொல்லாதவங்களா?"

"ஆமா. ஆனா சோறு நல்லா போடும்."

"அப்ப சாப்பிட்டு வந்து வேலை பிரிங்க மண்டோரே."

சாதுவாக உள்ளே வந்துவிட்டார். அன்றிலிருந்து குழாய்க்கு ஓய்வு. தினமும் வாசலுக்கு உள்ளேயே பெரட்டு, ஆள் நான் ஒருத்திதான். கூட்டச் சொல்வார், வெங்காயம் உரிக்கச் சொல்வார். எப்படியும் நான் செய்கிற வேலைதான், ஆனாலும் "சரிங்க" என்பேன்.

தடுப்பெல்லாம் எடுத்த பிறகுதான் போனார். வீட்டுக் கட்டிலில்தான் போனார். கடைசி வாய்க் கஞ்சியும் என் கையால்தான்.

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து ஆடும். பேத்தி, போனை வைத்துவிட்டு இங்கே வா. இதைச் சத்தமாக வாசி, கேட்கிறேன். பொல்லாதவ என்று அவர் சொன்னதோடு நிறுத்திவிடாதே, சோற்றைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து வாசி.