செங்கோட்டுவேலுவின் காதுக்கு ஒரு ஃபேன்

சுகந்தி இறந்துவிட்டார் என்று அவருடைய நாத்தனார் போனில் சொன்னபோது, நான் சுகந்தியின் மேல் கோபமாக இருந்தேன். காலையில் வரவேண்டிய சேலை டிசைன் வரவில்லை. மூளையில் ரத்தக்கசிவாம், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டதாம். இளம்பிள்ளை ஊர் நெசவுக்கு அவரோடு டிசைன் போட்டுக்கொடுத்த நம் எல்லோருக்கும் அந்தக் கோபம் பழக்கமானதுதான். சொன்ன நேரத்துக்கு எதையும் தரமாட்டார். தந்தால் திருத்த ஒன்றும் இருக்காது.

புதுச்சத்திரத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தார். கணவர் செங்கோட்டுவேலு பல வருஷம் ரிக் வண்டியோடு வடக்கே போய் போர்வெல் போட்டவர். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று காது கெட்டு, அதற்குள் ஓயாத இரைச்சலோடு ஊர் திரும்பினார். கம்ப்யூட்டரில் சேலையைப் பொம்மைக்குக் கட்டிக் காட்டும் படங்களுக்காக சுகந்தி ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். அதன் சின்ன ஃபேன்கள் கீச்சென்று சுற்ற ஆரம்பித்தால் செங்கோட்டுவேலு தலையைப் பிடித்துக்கொள்வார். இருந்ததோ ஒரே அறை. "வேலையை உடறதா, மனுசனை உடறதாங்ண்ணா?" என்று சுகந்தி என்னிடம் அழுதார்.

பிறகு அவரே ஸ்குரூ டிரைவரை எடுத்தார். சின்ன ஃபேன்களைக் கழற்றி வீசிவிட்டு, கார்டின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கின் மேல் உள்ளங்கையைவிடப் பெரிய ஃபேன் இரண்டை கேபிள் டை போட்டுக் கட்டினார். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே காற்று போதும் என்பது கணக்கு. பார்க்க, கால் ஒடிந்த ஆட்டுக்குக் கட்டுப் போட்டது மாதிரி இருந்தது. நான் கிண்டல் செய்தேன். "ஆடு நல்லா மேயுது பாருங்ண்ணா" என்று சூட்டின் அளவைத் திரையில் காட்டினார். ஏறவே இல்லை.

சத்தம் சுத்தமாக நின்றதும் வேறொரு தொல்லை வந்தது. வீடு அமைதியானதில் செங்கோட்டுவேலுவின் காது இரைச்சல் இன்னும் பெரிதாகக் கேட்டது. மனிதர் முன்பைவிட ஒடுங்கிப்போனார். நானாயிருந்தால் நம் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். சுகந்தி விடவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார், இறக்கினார், ஃபேனை மாற்றி மாற்றி மாட்டினார், கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஏதோ ஒரு பழைய ஃபேனின் தணிந்த உறுமல் அவருக்கு ஒத்துக்கொண்டது. அது ஓடினால் இரைச்சல் அடங்கியது, தூக்கமும் வந்தது. "சத்தமே வேண்டாங்கலீங்ண்ணா, ஒத்துப்போற சத்தமா இருக்கோணும். மனுசரும் அப்படித்தானுங்க" என்றார் சுகந்தி. அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

துக்கத்துக்குப் போயிருந்தபோது நடந்ததை உங்களில் சிலர் பார்த்தீர்கள். இழவு வீட்டில் டிவியை அணைப்பதுபோல, உறவுக்காரர் ஒருவர் அந்தக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டார். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த செங்கோட்டுவேலு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார். "யாருங்க அதை நிறுத்துனது? போடுங்க சாமி, போடுங்க!" வந்தவர்கள் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். நான் ஓடிப்போய்ப் போட்டேன். எனக்கு அதன்பிறகுதான் அழுகை வந்தது.

இப்போது அவ்வப்போது போய் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டிக்கொடுக்கிறேன். ரோட்டுப் புழுதி ஹீட்சிங்கில் அடைத்தால் ஃபேன் வேகமெடுத்துச் சத்தம் மாறிவிடும். போன வாரம் போனபோது, "ஒரு மாதிரி கரகரங்குதுங்க" என்றார். காதை வைத்துக் கேட்டேன். பேரிங் தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் கொஞ்ச காலம் ஓடும். அதே ஃபேன் இப்போது கடைகளில் வருவதில்லை. வேறு எது அவருக்கு ஒத்துவரும், எந்த வேகத்தில் என்பது எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க சுகந்தியால்தான் முடியும். சுகந்தியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அவருடைய கவலை. அதை அவரைப்போலச் சிரித்துக்கொண்டு சுமக்க எனக்கு வரவில்லை.

"தூசிதானுங்களா?" என்று செங்கோட்டுவேலு கேட்டார்.

"தூசிதானுங்க" என்றேன்.