டொக்கில் விட்ட வயல்

என் மனைவியின் தமையனார் எங்கள் வீட்டில் வந்து தங்கிய பின்னர்தான், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத மனிதர் ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வது எத்தகையது என்பதை அறிந்தேன். அவர் மூதூருக்கு அடுத்த கட்டைபறிச்சானில் நெல் வெள்ளாமை செய்தவர். சிறுநீரகங்கள் பழுதாகி, கிழமைக்கு இருமுறை ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் செய்ய வேண்டி வந்தபோது, ஒவ்வொரு முறையும் குடாவைச் சுற்றி எங்கள் துறைமுக நகருக்கு பஸ்ஸில் வந்துபோக அவருடைய உடம்பு இடங்கொடாது என்று நாங்களே அழைத்துக்கொண்டோம். விடியுமுன் எழுந்து முற்றத்தில் நடப்பார். மழைக்கு வானம் இருட்டுகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பார். இருட்டினாலும் இருட்டாவிட்டாலும் திரும்பவும் நடப்பார். அவர் நடக்க நடக்க, கதிரையில் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் எனக்கும் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

ஆஸ்பத்திரியில் நிலைமை இன்னும் மோசம். ஊசி ஏற்றிய இடக்கையை அசைக்காமல் மணிக்கணக்காகப் படுத்திருக்க அவரால் இயலவில்லை. ஒருநாள் பாதியிலேயே கழற்றச் சொல்லி எழுந்து வந்துவிட்டார். வைத்தியர் என்னைத் தனியே அழைத்து, இப்படியே போனால் நெஞ்சில் நீர் கட்டிவிடும், பிறகு தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று எச்சரித்தார். அதை அவ்வண்ணமே அவரிடம் சொன்னேன்.

“அந்தக் கட்டில்ல கிடந்து சாகிறதுக்கு நடந்து திரிஞ்சு சாகலாம் மச்சான். அடுத்தமுறை நான் வரேல்லை” என்றார்.

கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் பணிபுரியும் என் மகள், தனது வீடியோ விளையாட்டுப் பெட்டியை அவர் மடியில் கொண்டுவந்து வைத்தது அன்றைக்குத்தான்.

“மாமா, இது வயல் கேம். கொத்தி, விதைச்சு, தண்ணி விடவேணும்.”

“வரம்பு எங்க பிள்ளை?”

“வரம்பு இல்லை மாமா.”

“வரம்பில்லாத வயலில ஆரடி வெள்ளாமை செய்தவன்? பன்றி வருமோ?”

“பன்றி வராது. காகம் வரும்.”

“காகமாவது வருதே” என்று பெட்டியைக் கையில் எடுத்தார்.

பொழுதுபோக்குக்கு அச்செழுத்தைத் தவிர வேறொன்றையும் நாடிப் பழகாத நான், அந்தப் பெட்டியை முதலில் மதிக்கவில்லை. தொலைக்காட்சியோடு விளையாடும் கருவியையும் கைக்குள் அடங்கும் கருவியையும் முன்னரே கண்டிருக்கிறேன். இது இரண்டுமாக இருந்தது. தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள கூட்டில் செருகினால் வயல் பெரிய திரையில் விரியும். உருவி எடுத்தால் அதே வயல், அதே பொழுது, பாதி நனைந்த அதே பாத்தியோடு கைத்திரைக்கு இறங்கிவிடும். காலையில் கூடத்தில் தொடங்கிய களைபிடுங்கலை முச்சக்கர வண்டியில் தொடர்ந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிப்பார். வீட்டை விட்டுப் புறப்படும்போது எதையும் விட்டுவிட்டுப் போகிறோம் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை; ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றதையும் மறந்துவிட்டார். இப்பெட்டியின் கவர்ச்சி அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கத்தரி காய்த்துவிட்டதா என்று நானே அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப்பார்க்கும் நிலைக்கு வந்துசேர்ந்தேன்.

இவ்வாறு நாட்கள் போய்க்கொண்டிருக்கையில், ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிய பிறகு பையைத் திறந்தால் பெட்டி இல்லை. அவர் உடனே மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். “டொக்கில விட்டிட்டன் மாமா” என்ற பதிலோடு இணைப்பு அறுந்தது.

“டொக்கில விட்டிட்டாளாம்!” என்று அவர் கட்டிலிலிருந்து நிமிர்ந்தார். தாதி ஓடிவந்து தோளை அமர்த்தினாள். “மச்சான், உங்களுக்குத் தெரிஞ்ச இடம்தானே, போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. வராட்டி நான் இதைக் கழட்டிப்போட்டு எழும்பிடுவன்.”

இந்த ஊரில் டொக் என்றால் ஒன்றுதான். கடற்படைத் தளத்துக் கப்பல்துறை. என் உத்தியோகக் காலம் முழுவதும் அங்கேதான் களஞ்சியத்தில் கழிந்தது. மகளும் அலுவலக வேலையாகத் துறைமுகப் பக்கம் போய்வருபவள். ஆகவே சந்தேகம் எழவில்லை. கிடைத்த முச்சக்கர வண்டியில் ஏறினேன். இந்த ஊரில் வழக்கம்போல வீதியின் நடுவே மான்கள் நின்றன. சாரதி ஹோர்ன் அடித்தும் அவை அசையவில்லை. நான் வண்டிக்குள் இருந்தபடியே கைதட்டி விரட்டினேன்.

வாசலில் காவல் நின்ற இளைஞரிடம், எனக்குத் தெரிந்த சிங்களத்தில், விளையாட்டுப் பெட்டி ஒன்றைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னேன். பேரப்பிள்ளையுடையதா என்று கேட்டார். அறுபதைத் தாண்டிய என் மச்சானுடையது என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படி எதுவும் இங்கே ஒப்படைக்கப்படவில்லை என்றார். அப்போதுதான் மகள் திரும்ப அழைத்தாள்.

“அப்பா, எங்க நிக்கிறீங்கள்?”

“டொக் வாசலில.”

“ஐயோ அப்பா! டிவிக்குக் கீழ இருக்கிற கூட்டுக்குப் பேர்தான் டொக்! சார்ஜ் ஏற விட்டிட்டு வந்தனான்.”

வீட்டுக்கு விரைந்தேன். “ஆஸ்பத்திரிக்குப் போன மனிசன் டொக்கடியில என்ன செய்தனீங்கள்?” என்று, மகள் சொல்லி விஷயம் அறிந்த மனைவி பின்னாலேயே வந்து கேட்டாள். பெட்டியை உருவி எடுத்துக்கொண்டு திரும்பினேன். வழி நெடுக, கழற்றி எறிந்த குழாயும் வெறுங்கட்டிலும் என் கண்முன் நின்றன. ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன்.

அவர் கட்டிலில்தான் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மூதூர்க்காரரான முஸ்லிம் ஒருவரோடு, அவர்கள் அண்ணனை அழைக்கும் முறையில் ‘காக்கா’ என்றழைத்து, உரத்த வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

“பூசணி வைச்ச இடத்தில திரும்பவும் பூசணியோ? மண் என்னத்துக்காகும் காக்கா?”

“அது டிவி மண்தானே, அதுக்கென்ன?” என்ற மூதூர்க்காரர் தாதியின் பக்கம் திரும்பினார். “இவர் சொல்ற மாதிரி ஒரு வயல் இந்தத் துனியாவில எங்கயுமே இல்ல.”

“மச்சான் வந்திட்டார். இப்ப பாருங்கோ.”

பெட்டியைக் கொடுத்தேன். அதன் இரு ஓரங்களிலும் உள்ள பிடிகளைக் கழற்ற முடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். ஒன்றைத் தம் வலக்கையில் வைத்துக்கொண்டு, மற்றதை நீட்டி, அந்த மனிதரின் ஊசியில்லாத கையில் கொடுக்கச் சொன்னார். திரையை இரு கட்டில்களுக்கும் நடுவிலிருந்த சிறிய மேசையில் நிறுத்தினேன். சிறிது நேரத்தில் இரண்டாவது மனிதன் ஒருவன் வயலுக்குள் தோன்றி, தடுமாறி நடந்து, என் மச்சானின் கத்தரிச் செடியை வெட்டிச் சாய்த்தான்.

“அடேய் காக்கா! அது காய்ச்ச கத்தரிக் கண்டு!”

“தெரியாமப் பட்டுட்டு. வேற ஒண்டு நட்டுத் தாறன்.”

“அது காய்க்க நாள் எடுக்கும்.”

“எடுக்கட்டுமே. நான் வெள்ளிக்கிழமையும் இங்கதானே.”

என் மச்சான் கூரையைப் பார்த்து, வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டார்.

“வெள்ளிக்கிழமை நேரத்தோட வாங்கோ. பயிரில காகம் வந்து விழ முந்தி தண்ணி விடவேணும்” என்றார்.